ஜி1 வைத்திருக்கும் மகன் தனியாகக் கார் எடுத்துப் போய்விட்டான்: தண்டப்பணத்தைக் கட்டிவிட்டால் முடிந்துவிடுமா?

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் உள்ள ஸ்காபரோவில் இருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டு, கடிதத்தின் சாரத்தை மட்டும் தருகிறேன்.

மூத்த மகனுக்கு 17 வயது, பன்னிரண்டாம் வகுப்பு. போன ஒக்டோபரில், பழகுபவருக்கான முதல் கட்ட லைசென்ஸான ஜி1 எடுத்தான். பள்ளிக்கூடம் முடிந்து ஒரு கோப்பிக் கடையில் வேலை செய்கிறான். கணவருக்கு இரவு வேலை. ஒரு சனிக்கிழமை கணவர் நண்பரின் வாகனத்தில் வேலைக்குப் போய்விட, வீட்டு வாசலில் நின்ற காரை மகன் கேட்காமல் எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். வேலை முடிந்து, கூட வேலை செய்யும் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு வரும்போது, இரவு 11.50 மணிக்கு மார்க்கம் ரோட்டில் பொலிஸ் மறித்தது. பின் விளக்கு ஒன்று எரியவில்லை, அதுதான் மறித்த காரணம். லைசென்ஸைப் பார்த்ததும், பக்கத்தில் தகுதியான சாரதி இல்லாமல் ஓட்டியதற்கு ரிக்கற் எழுதிக் கொடுத்துவிட்டார்கள். தாய் ராக்சி பிடித்துப் போய்க் காரை வீட்டுக்கு எடுத்து வந்தார்.

பிரம்ரனில் இருக்கும் அவருடைய அண்ணா சொன்னாராம்: "நூற்றுச் சொச்சம் டொலர்தானே, கட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். பதினெட்டு ஆகாத பிள்ளை, ஒரு பதிவும் வராது. கட்ட விருப்பமில்லை என்றால், மச்சான் பக்கத்தில் இருந்தவர், அப்போதுதான் இறங்கினவர் என்று சொல்லுங்கள்." கணவரோ, 21 வயது வரை கார்ச் சாவியைத் தொடவே கூடாது என்று சொல்லிவிட்டார். தகப்பனும் மகனும் 9 நாட்களாகக் கதைக்கவில்லை. மகன் அடுத்த மாதம், தனியாக ஓட்டக்கூடிய அடுத்த கட்டமான ஜி2 பரீட்சைக்குப் போக வேண்டும் என்று நிற்கிறான். "இவ்வளவு நாளும் பெரும்பாலும் நான்தான் பக்கத்தில் இருந்து பழக்கினேன், எனக்கும் ஜி2 இருக்கிறது. நான் எங்கே பிழை விட்டேன்?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

முதலில் நாட்களைக் கணக்குப் பார்ப்போம். ரிக்கற் கிடைத்து 9 நாட்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதற்குப் பதில் சொல்ல ஒன்ராறியோவில் உங்களுக்கு இருப்பது 15 நாட்கள். அதனால்தான் இந்தப் பதில் அச்சாகும் வரை காத்திராமல், முக்கியமான பகுதியை உங்களுக்கு முன்கூட்டியே அனுப்பி வைத்தேன். ஒன்றும் செய்யாமல் விட்டால், நீங்கள் இல்லாமலேயே குற்றவாளி என்று தீர்ப்பாகி, மேலதிகக் கட்டணமும் சேரும். பயத்தில் ரிக்கற்றை அலுமாரிக்குள் வைத்துவிட்டு இருக்கும் குடும்பங்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். போன மாதம்கூட ஒரு தகப்பன் நான்காக மடித்த ரிக்கற்றை என் மேசையில் வைத்து விரலால் நீவி நீவி விரித்தார். அதில் இருந்த திகதிக்கு நாற்பது நாள் கடந்திருந்தது.

கட்டுவது என்றால் ஒப்புக்கொள்வது

கட்டுவதைப் பற்றி அண்ணா சொன்னதில் தொகை மட்டும்தான் சரி. அந்தப் பணத்தைக் கட்டுவது கடைக்குப் பில் கட்டுவது போன்ற காரியம் அல்ல. கட்டிய உடனேயே உங்கள் மகன் குற்றத்தை ஏற்றுக்கொண்டதாகப் பதிவாகிறது. அதற்குப் பிறகு வருவதுதான் பெரிய தண்டனை, அது ரிக்கற்றில் எழுதியிருக்காது. புதிய சாரதி ஒருவர் ஜி1 அல்லது ஜி2 நிபந்தனை ஒன்றை மீறியதாகத் தீர்ப்பானால், போக்குவரத்து அமைச்சு அவருடைய லைசென்ஸை 30 நாட்களுக்கு நிறுத்தி வைக்கும். ஐந்து ஆண்டுகளுக்குள் இரண்டாவது தடவை என்றால் 90 நாட்கள். மூன்றாவது தடவை லைசென்ஸே ரத்தாகி, எழுத்துப் பரீட்சையில் இருந்து எல்லாவற்றையும் திரும்பத் தொடங்க வேண்டும். அதுவரை சேர்த்த காலமும் போய்விடும்.

அப்படியென்றால் என்ன செய்யலாம்? ரிக்கற்றின் பின்பக்கத்தில் மூன்று வழிகள் இருக்கும். குற்றத்தை ஏற்றுக் கட்டலாம். வழக்குத் தொடுநரைச் சந்தித்துப் பேசக் கேட்கலாம். விசாரணை வேண்டும் என்று கேட்கலாம். உங்கள் நிலையில் நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். முதல் தடவை, விபத்து இல்லை, வேகம் இல்லை, குடி இல்லை, பயிற்சி வகுப்புக்கும் போய்க்கொண்டிருக்கிறான். இவற்றை எடுத்துச் சொல்லும்போது, வேறு ஒரு சிறிய குற்றச்சாட்டுக்கு மாற்றிக்கொள்ளச் சில நேரம் சம்மதிப்பார்கள். சம்மதிப்பார்கள் என்று நான் உறுதி தரமாட்டேன், அப்படி உறுதி தருபவரிடம் காசைக் கொடுக்கவும் வேண்டாம். எதை ஏற்றுக்கொண்டால் லைசென்ஸ் நிறுத்தப்படும், எதை ஏற்றுக்கொண்டால் நிறுத்தப்படாது என்பதைத் தெரிந்துகொண்டு போவதற்காக, ஒன்ராறியோ சட்டச் சங்கத்தின் உரிமம் பெற்ற ஒரு பரலீகலிடம் (வழக்கறிஞர் அல்லாத சட்டப் பிரதிநிதி) அரை மணித்தியாலமாவது கதையுங்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் தேவையென்றால் படிவத்திலேயே கேட்கலாம். அது உங்கள் உரிமை, அதற்குக் கூச்சப்பட ஒன்றுமில்லை.

சந்திப்புக்குப் பிறகும் 30 நாள் நிறுத்தம் வந்தால், வரட்டும். 30 நாள் ஒரு வாழ்க்கை அல்ல. ஆனால் அந்த 30 நாளுக்குள் அவன் சாவியைத் தொடக்கூடாது. நிறுத்தி வைத்த லைசென்ஸுடன் ஓட்டினால், முதல் தடவைக்கே தண்டம் 1,000 டொலரில் இருந்து 5,000 டொலர் வரை. காரையும் 7 நாட்களுக்குக் கட்டி இழுத்துக்கொண்டு போவார்கள். இழுத்ததற்கும் நிறுத்தி வைத்ததற்குமான செலவு உங்கள் தலையில்தான். கடையில் ஒருநாள் லீவு எடுக்க முடியாமல் "சும்மா பக்கத்தில்தானே" என்று எடுத்துப் போவதுதான் இந்தப் பிள்ளைகள் விடும் இரண்டாவது பிழை. அது முதல் பிழையைவிடப் பத்து மடங்கு செலவானது.

"பதினெட்டு ஆகவில்லை" என்பது

இதில் அண்ணா பாதி சரி, பாதி பிழை. இது குற்றவியல் வழக்கு அல்ல, மாகாணப் போக்குவரத்துச் சட்ட மீறல். ஆகவே குற்றவியல் பதிவு எதுவும் வராது. பல்கலைக்கழக விண்ணப்பத்தை நினைத்து நீங்கள் நித்திரை இல்லாமல் இருக்கத் தேவையில்லை. ஆனால் வயது குறைந்தவர் என்ற சலுகையை ஒன்ராறியோவின் மாகாணக் குற்றச் சட்டம் 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்குத்தான் வைத்திருக்கிறது. 16 ஆனவருக்கும் 40 ஆனவருக்கும் ஒரே ரிக்கற், ஒரே நீதிமன்றம். தீர்ப்பானால் அவனுடைய சாரதிப் பதிவில் ஏறும். காப்புறுதிக் கம்பனி அந்தப் பதிவைத்தான் எடுத்துப் பார்க்கும்.

மச்சான் பக்கத்தில் இருந்தார் என்று சொல்லும் யோசனையை இன்றோடு மறந்துவிடுங்கள். காருக்குள் எத்தனை பேர், முன் சீற்றில் யார் என்பதைப் பொலிஸ்காரர் அங்கேயே தன் குறிப்பில் எழுதியிருப்பார். முன் சீற்றில் இருந்தது மகனின் நண்பன். இப்போது உங்கள் கையில் இருப்பது ஒரு போக்குவரத்து ரிக்கற். நீதிமன்றத்தில் சத்தியம் செய்து பொய் சொன்னால் அது குற்றவியல் சட்டத்துக்குள் போய்விடும். அங்கே நிற்கப்போவது உங்கள் கணவர். அண்ணா பாசத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனாலும் வேண்டாம்.

பக்கத்தில் இருக்கத் தகுதியானவர் யார்?

"நான் எங்கே பிழை விட்டேன்" என்று கேட்டீர்கள். இங்கேதான், சகோதரி. மனம் வருந்த வேண்டாம், உங்களைப் போல எத்தனையோ தாய்மார் இதை அறியாமல் செய்கிறார்கள். ஜி1 சாரதிக்குப் பக்கத்தில் இருப்பவர் முழு லைசென்ஸ் வைத்திருக்க வேண்டும், குறைந்தது 4 ஆண்டு ஓட்டிய அனுபவமும் வேண்டும். ஜி2 என்பதும் பழகும் லைசென்ஸ்தான். நீங்கள் தனியாக ஓட்டலாம், ஆனால் இன்னொருவரைப் பழக்க முடியாது. யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் ஸ்கூட்டி ஓடினீர்கள் என்பது உங்கள் கைக்கு நல்ல பழக்கம், சட்டத்துக்கு அது கணக்கில் இல்லை. ஆகவே நீங்கள் பக்கத்தில் இருந்த ஒவ்வொரு நாளும், சட்டத்தின் பார்வையில் அவன் தனியாகத்தான் ஓட்டியிருக்கிறான். இன்றில் இருந்து அதை நிறுத்திவிடுங்கள்.

கணவருக்கு 2012 இல் இருந்து முழு ஜி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் வீட்டில் தகுதியானவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவரும் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகனை 401 இல் ஓட விட்டாராம், "நெடுஞ்சாலை பழகட்டும்" என்று. ஜி1 இல் 400 வரிசை நெடுஞ்சாலைகள் எதிலும், டொன் வலி பார்க்வே, கார்டினர் போன்ற விரைவுச் சாலைகளிலும் ஏறவே கூடாது. பக்கத்தில் இருப்பவர் உரிமம் பெற்ற பயிற்றுநராக இருந்தால் மட்டும்தான் அதற்கு விலக்கு.

நள்ளிரவில் இருந்து காலை 5 மணி வரையும் ஜி1 இல் ஓட்டக்கூடாது, தகப்பன் பக்கத்தில் இருந்தாலும்தான். உங்கள் மகனை மறித்தது 11.50 மணிக்கு. நண்பர்களை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் இரண்டாவது நிபந்தனையும் உடைந்திருக்கும்.

இன்னும் ஒன்று, நீங்கள் கேட்காதது. எங்கள் ஆட்களின் கொண்டாட்டங்களில் நான் அடிக்கடி காண்பதால் சொல்கிறேன். சாமத்தியவீடு, பிறந்தநாள் என்று மண்டபத்தில் தகப்பன் இரண்டு மூன்று எடுத்துவிடுவார். "பிள்ளையிடம் ஜி1 இருக்கிறதே, அவன் ஓடட்டும், நான் பக்கத்தில் இருக்கிறேன்" என்பார்கள். பொறுப்பான முடிவு போலத் தெரியும். ஆனால் பக்கத்தில் இருப்பவருடைய இரத்தத்தில் மது அளவு 0.05 க்குக் குறைவாக இருக்க வேண்டும். மண்டபத்தை விட்டு வெளிக்கிடும்போது பன்னிரண்டும் தாண்டியிருக்கும். பிள்ளைக்கோ ஒரு சொட்டும் கூடாது. 21 வயது வரை, முழு ஜி எடுத்திருந்தாலும், ஒன்ராறியோவில் மது அளவு பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும். 2010 இல் இருந்து இதுதான் சட்டம். அந்த இரவுகளில் ராக்சிக் காசைச் செலவு என்று நினைக்காதீர்கள்.

காப்புறுதி: எல்லோரும் தள்ளிப்போடும் விடயம்

"ஜி1 தானே, கம்பனிக்குச் சொல்லத் தேவையில்லை என்று சொன்னார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள். யார் சொன்னாரோ தெரியாது, பிழையாகச் சொல்லிவிட்டார்கள். வீட்டில் லைசென்ஸ் உள்ள எல்லோருடைய விவரத்தையும் காப்புறுதிக் கம்பனி கேட்கும், சொல்லித்தான் ஆகவேண்டும். ஜி1 இருக்கும் பிள்ளைக்காகப் பெரும்பாலான கம்பனிகள் கட்டணத்தைக் கூட்டுவதில்லை. ஜி2 வந்ததும் கூட்டும், நன்றாகவே கூட்டும். அந்தப் பயத்தில் மறைப்பதுதான் ஆபத்து.

அந்தச் சனிக்கிழமை இரவை இன்னொரு மாதிரி நினைத்துப் பாருங்கள். பொலிஸ் மறிக்கவில்லை. லோரன்ஸ் சந்தியில் இடப்பக்கம் திரும்பும்போது எதிரே வந்த காரோடு மோதி, அதில் இருந்த ஒருவருக்கு முதுகெலும்பில் அடி. சட்டப்படி ஓட்டும் அனுமதி இல்லாத ஒருவர் ஓட்டினார் என்று கம்பனி தன் பொறுப்பை மறுக்க முயலலாம். உங்கள் காரைத் திருத்தும் செலவு கிடைக்காமல் போகலாம். காயப்பட்டவருக்குச் சட்டம் வைத்த குறைந்தபட்சத் தொகையான 200,000 டொலர் வரை கம்பனி கொடுத்துவிட்டு, கொடுத்ததை உங்களிடம் திருப்பிக் கேட்கவும் வழி இருக்கிறது. அதற்கு மேல் போகும் நட்டத்துக்குக் காரின் சொந்தக்காரர் என்ற முறையில் உங்கள் கணவரும் பொறுப்பு. அவருடைய சம்மதம் இல்லாமல் கார் எடுக்கப்பட்டது என்று காட்டினால் தப்பலாம். ஆனால் சாவி குசினிக் கதவுக்குப் பக்கத்தில் கொளுவியிருந்தது, அதற்கு முன்னும் மகன் அந்தக் காரை ஓட்டியிருக்கிறான் என்றெல்லாம் எதிர்த்தரப்பு கேட்கும்போது அது இலேசான வாதம் அல்ல.

இந்த வாரமே காப்புறுதித் தரகருக்கு அழைத்து, மகனின் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள். சேர்த்ததற்கு எழுத்தில் ஒரு மின்னஞ்சலும் கேட்டு வாங்குங்கள். சிலர் பணத்தை மிச்சம் பிடிக்க, மகன் இந்தக் காரை ஓட்டவே மாட்டான் என்று விலக்குப் படிவத்தில் கையெழுத்துப் போடுவார்கள். ஓட்டப்போகும் பிள்ளைக்கு அதைப் போடவே வேண்டாம். ஒருநாள் அவசரத்துக்கு எடுத்தாலும் காப்புறுதி இல்லாமல் எடுத்ததாகிவிடும்.

21 வயது வரை சாவி இல்லையா?

உங்கள் கணவரின் கோபம் எனக்கு விளங்குகிறது. ஆனால் இந்த முடிவோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஏன் என்று சொல்கிறேன், முடிந்தால் இந்தப் பகுதியை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.

படிப்படியாக லைசென்ஸ் கொடுக்கும் இந்த முறை 1987 இல் நியூசிலாந்தில் தொடங்கியது. ஒன்ராறியோவுக்கு 1994 ஏப்ரலில் வந்தது. எங்களில் பலர் இதைப் பிள்ளைகளை இழுத்தடிக்கும் சட்டம் என்று நினைக்கிறோம். உண்மையில் இது ஒரே ஒரு அவதானிப்பில் நிற்கிறது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது பழகும் பிள்ளை விபத்தில் சிக்குவது மிகக் குறைவு. தனியாக ஓட்டத் தொடங்கும் முதல் சில மாதங்களில்தான் ஆபத்து சட்டென்று ஏறுகிறது. இரவானால் இன்னும் கூடுகிறது, காருக்குள் அதே வயதுப் பிள்ளைகள் ஏறஏற இன்னும் கூடுகிறது. உங்கள் மகன் அந்தச் சனிக்கிழமை செய்தது இந்த மூன்றையும் ஒன்றாகச் சேர்த்ததுதான்: தனியாக, இரவில், நண்பர்களோடு.

ஆகவே மருந்து, சாவியை ஒளித்து வைப்பது அல்ல. 21 வயது வரை தொடாமல் இருந்த பிள்ளை 21 இல் பழகத் தொடங்கும்போதும் கை புதிதுதான். அப்போது தகப்பனைப் பக்கத்தில் இருக்க விடவும் மாட்டான். 17 வயதில் "அப்பா, இந்தச் சந்தியில் எப்படித் திரும்புவது" என்று கேட்கக்கூடிய பிள்ளை உங்களிடம் இருக்கிறான். அது எவ்வளவு பெரிய விடயம் என்று எனக்கு என் மகள் பழகிய காலத்தில்தான் தெரிந்தது. வீட்டில் ஒரு சொல் கதைக்காதவள், கடை வளாகத்தின் வெறும் தரிப்பிடத்தில் காரைப் பின்னுக்கு எடுத்துக்கொண்டே பள்ளிக்கூடத்துக் கதை முழுக்கச் சொன்னாள். கண் இரண்டும் கண்ணாடியில் இருந்ததால் என் முகத்தைப் பார்க்கத் தேவை இருக்கவில்லை, அதனால் சொன்னாள் என்று நினைக்கிறேன்.

கணவருக்கு இரவு வேலை என்றாலும் வாரத்தில் இரண்டு நாள் பின்னேரம் ஒரு மணித்தியாலம் எடுக்க முடியுமா என்று கேளுங்கள். வெறும் தரிப்பிடத்தில் தொடங்கி, பிறகு வீட்டுத் தெருக்கள், பிறகு எக்ளின்ரன், மோர்னிங்சைட் போன்ற பெரிய வீதிகள். மழைக்குள் ஒரு நாள், இருட்டிய பிறகு பத்து மணிக்கு முன் ஒரு நாள். பனி கொட்டத் தொடங்கியதும், காலையில் வீதி இறுகிக் கிடக்கும்போது பிரேக் எப்படி வழுக்கும் என்பதைக் கட்டாயம் உணரவிட வேண்டும். முன் சீற்றில் தகப்பன் மட்டும்தான் இருக்கலாம். நண்பர்கள் இல்லை, போன் பைக்குள். ஓட்டும்போது கையில் போன் பிடித்தாலும் புதிய சாரதிக்கு முதல் தடவைக்கே 30 நாள் நிறுத்தம் என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

அடுத்த மாதம் பரீட்சை என்பதை விட்டுவிடச் சொல்லுங்கள். ஜி1 எடுத்தபின் ஜி2 பரீட்சைக்கான 12 மாதக் காத்திருப்பு 8 மாதமாகக் குறைவது, அங்கீகரிக்கப்பட்ட பயிற்சிப் பாடநெறியை முழுதாக முடித்தவருக்கு மட்டும்தான். ஒன்லைன் வகுப்பு முடிந்துவிட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். பயிற்றுநரோடு காரில் ஓட வேண்டிய 10 மணித்தியாலத்தில் 4 தான் ஆகியிருக்கிறது. மிச்சம் 6 ஐயும் ஓடி முடிக்கட்டும், அதில் ஒரு மணித்தியாலமாவது பயிற்றுநரோடு 401 இல் ஓடக் கேளுங்கள். ரிக்கற் விடயம் ஒரு முடிவுக்கு வந்த பிறகு பரீட்சைத் திகதி எடுப்பதுதான் புத்தி. நிறுத்தம் இருக்கும் நாளில் திகதி விழுந்தால் கட்டிய காசும் போகும்.

ஜி2 கிடைத்த பிறகும் ஒரு கட்டுப்பாடு இருக்கிறது, அவன் வேலை செய்யும் நேரத்துக்கு அது முக்கியம். 19 வயதும் அதற்குக் குறைந்தவர்களும், ஜி2 எடுத்து முதல் 6 மாதம், நள்ளிரவில் இருந்து காலை 5 வரை, 19 வயதுக்கு மேற்படாத பயணி ஒருவரைத்தான் ஏற்றலாம். அதற்குப் பிறகு மூன்று பேர். சொந்தச் சகோதரங்களை ஏற்றினால் இந்தக் கணக்கு இல்லை. கடையில் வேலை முடிந்து இரண்டு நண்பர்களை இறக்கிவிடும் பழக்கத்தை இப்போதே மாற்றுவது நல்லது. மேலாளரிடம் கேட்டு, பத்து மணிக்கு முடியும் வேலை நேரத்துக்கு மாறலாம். அதுவரை பஸ்ஸோ, கணவரின் லீவு நாளோ பார்த்துக்கொள்ளுங்கள். நீங்களும் ஜி2 இல் இருந்து முழு ஜி எடுக்கத் திகதி போடுங்கள்.

தகப்பனும் மகனும் கதைக்காமல் இருப்பதைப் பற்றி எனக்குச் சட்டம் தெரிந்த அளவுக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் வழக்குத் தொடுநரைச் சந்திக்கும் நாளில் இரண்டு பேரும் சேர்ந்து போகட்டும். ரிக்கற் மகனின் பெயரில் இருப்பதால் அவன்தான் கதைக்க வேண்டும். பக்கத்தில் தகப்பன் இருந்தால் போதும்.

கடைசியாக ஒரு சின்ன வேலை. இந்த வருடம்தான் பேஸ்மன்ற்றில் இருந்து இப்போதைய வீட்டுக்கு மாறினோம் என்று எழுதியிருந்தீர்கள். மகனின் லைசென்ஸில் எந்த முகவரி இருக்கிறது என்று எடுத்துப் பாருங்கள். வீடு மாறினால் 6 நாட்களுக்குள் அமைச்சுக்கு அறிவிக்க வேண்டும், ஒன்லைனிலேயே மாற்றலாம். லைசென்ஸை நிறுத்தினால் அந்தக் கடிதம் தபாலில், பதிவில் உள்ள முகவரிக்குத்தான் வரும். பழைய வீட்டுக்காரரின் தபால் பெட்டிக்குள் அது கிடக்க, ஒன்றும் தெரியாமல் உங்கள் மகன் தகப்பனோடு கார் பழகப் போகக்கூடாது. இன்றிரவே மாற்றிவிடுங்கள்.